டெக்சஸில் துப்பாக்கி: விசாவில் இருப்பவர்களும் புதிதாக வந்தவர்களும் கேட்கும் கேள்விகள்

டாலஸுக்கு வடக்கே ஒவ்வொரு கோடையிலும் நம் ஆட்கள் புதிதாகக் குடியேறுகிறார்கள். வீடு, பள்ளிக்கூடம் பற்றிய விசாரிப்பெல்லாம் முடிந்ததும் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "இங்கே யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வாங்கலாமாமே?" அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. லைசென்ஸ் வகுப்புக்குப் போய்த் தேறியவன், வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி வைத்திருப்பவன், அவ்வளவுதான். இதில் உள்ளவை 2025 நிலவரம். டெக்சஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் கூடும். புதுச் சட்டங்களில் பெரும்பாலானவை அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று அமலுக்கு வரும். அந்தத் தேதி தாண்டிப் படிப்பவர்கள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டெக்சஸில் துப்பாக்கிக்கு லைசென்ஸே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. வாங்குவதற்கும் வீட்டில் வைத்திருப்பதற்கும் மாநில லைசென்ஸ் என்றுமே கிடையாது. மாநிலத்தில் பதிவேடும் இல்லை. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டப்படி தடை ஏதும் இல்லாதவர், லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துப் போகலாம். வெளியில் தெரிகிற மாதிரி வைத்தால் ஹோல்ஸ்டரில், அதாவது துப்பாக்கி உறையில், இருக்க வேண்டும்.

எல்லாம் அந்தத் "தடை ஏதும் இல்லாதவர்" என்ற சொற்களில்தான் இருக்கிறது. யாருக்குத் தடை என்பதில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது டெக்சஸ் இல்லை, வாஷிங்டன். மாநிலச் சட்டம் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் மத்திய சட்டம் அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. டெக்சஸ்காரர்கள் பெருமையாகச் சொல்வதை மட்டும் கேட்டுவிட்டு நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்க முடியுமா?

பொதுவாக முடியாது. எச்1பி, எச்4, எல்1, எஃப்1, ஊரிலிருந்து அப்பா அம்மா வரும் விசிட்டர் விசா எல்லாமே மத்திய சட்டத்தின் கண்ணில் "நான்-இமிக்ரன்ட்" விசா, அதாவது நிரந்தரமாகக் குடியேறாதவர்களுக்கானது. அதில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது. மீறினால் 15 ஆண்டு வரை சிறை. கிரீன் கார்டு வரிசையில் பல வருடமாக நிற்பவர்கள் "எனக்கு 140 (கம்பெனி போடும் கிரீன் கார்டு மனு) அப்ரூவ் ஆகிவிட்டதே" என்பார்கள். ஆகட்டும், வரிசையில் நிற்பது வேறு, கார்டு கையில் இருப்பது வேறு.

ஒரு விதிவிலக்கு உண்டு. அமெரிக்க மாநிலம் எதிலாவது முறையாகப் பெற்ற வேட்டை லைசென்ஸ் காலாவதியாகாமல் இருந்தால் அந்தத் தடை விலகும். கேட்பவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். மான் சுடப் போகாத சாஃப்ட்வேர்காரர் எதற்கு வேட்டை லைசென்ஸ் வைத்திருக்கிறார் என்று நினைத்தால், பெரும்பாலும் இதற்காகத்தான். டெக்சஸ் பார்க்ஸ் அண்டு வைல்ட்லைஃப் துறை அதைத் தருகிறது. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக்குப் போவதென்றால் ஹன்ட்டர் எஜுகேஷன் வகுப்பையும் முடிக்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. டெக்சஸ் வேட்டை லைசென்ஸ் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால், செப்டம்பர் 1 காலையில் அலமாரியில் இருக்கும் அதே துப்பாக்கி உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும். யாரும் கடிதம் போட்டு நினைவுபடுத்த மாட்டார்கள். விசா புதுப்பிப்பு, வேலை மாற்றம் என்று நூறு தேதியைத் தலையில் சுமக்கிறவர் இன்னொரு தேதியை ஏன் சேர்த்துக்கொள்ள வேண்டும்? என்னைக் கேட்டால் கிரீன் கார்டு வரும் வரை பொறுங்கள் என்பேன். பொறுக்க முடியாதென்றால் முதலில் இமிக்ரேஷன் வக்கீலிடம் பேசுங்கள்.

சும்மா ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடம்) போய் நண்பனின் துப்பாக்கியில் இரண்டு குண்டு சுடுவதில் என்ன இருக்கிறது?

வார இறுதியில் ஆபீஸ் நண்பர்கள் கூப்பிடுவார்கள், படம் எடுத்து ஊருக்கு அனுப்ப நமக்கும் ஆசையாக இருக்கும். ஆனால் சட்டம் "சொந்தமாக்குதல்" என்று சொல்லவில்லை, "வைத்திருத்தல்" என்கிறது. கையில் பிடித்த ஐந்து நிமிடமும் அதில் சேரும்.

ரெஹைஃப் வழக்கைப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து மாணவர் விசாவில் ஃபுளோரிடாவுக்குப் படிக்க வந்தவர். படிப்பு சரியில்லை என்று பல்கலைக்கழகம் நீக்கியது, அதோடு விசா அந்தஸ்தும் போனது. ஆனால் ஊர் திரும்பவில்லை. ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். அதற்குத்தான் வழக்கு. 2019-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது: தடை செய்யப்பட்ட நிலையில் தான் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும். சட்டப் புள்ளியில் வென்றார். ஆனால் அதற்கு முன் வருடக்கணக்கில் எதையெல்லாம் அனுபவித்தார் என்று யோசியுங்கள். ஒரு போட்டோவுக்கு அது தேவையில்லை.

கிரீன் கார்டு கையில் இருக்கிறது. கடையில் என்ன நடக்கும்?

ரைஃபிள், ஷாட்கன் வாங்க 18 வயது, லைசென்ஸ் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21. டெக்சஸில் குடியிருப்பதைக் காட்டும் அடையாள அட்டை வேண்டும். நியூஜெர்சியிலிருந்து போன வாரம் குடிமாறி வந்து இன்னும் அந்த ஊர் லைசென்ஸையே வைத்திருந்தால் கைத்துப்பாக்கி தர மாட்டார்கள்.

கவுன்ட்டரில் 4473 என்ற படிவத்தைத் தருவார்கள். பெயர், முகவரி, எந்த நாட்டுக் குடிமகன், அப்புறம் வரிசையாக ஆம்-இல்லை கேள்விகள்: துப்பாக்கி உங்களுக்காகத்தானா, ஓராண்டுக்கு மேல் சிறைக்குரிய குற்றத்தில் தண்டனை பெற்றீர்களா, போதைப்பொருள் பழக்கம் உண்டா, குடும்ப வன்முறைத் தண்டனை உண்டா. கஞ்சா பற்றிய வரியை நிதானமாகப் படியுங்கள். உங்கள் மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டத்தில் அது குற்றம்தான் என்று படிவத்திலேயே எச்சரித்திருப்பார்கள். குடியுரிமைக் கட்டத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவசரத்தில் அமெரிக்கக் குடிமகன் என்று டிக் செய்துவிட்டால், பொய்யாகக் குடியுரிமை கோரியதாக ஆகிவிடும். இமிக்ரேஷனில் அதைவிட மோசமான தவறுகள் குறைவு. கிரீன் கார்டில் இருக்கும் ஏ-எண்ணை எழுத இடம் இருக்கும், அங்கே எழுதுங்கள்.

படிவத்தை வாங்கிக்கொண்டு கடைக்காரர் எஃப்பிஐ நடத்தும் பேக்ரவுண்டு செக்கில் பார்ப்பார். பெரும்பாலும் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும். "தாமதம்" என்று வந்தால் மூன்று வேலை நாள் காத்திருக்க வேண்டும், அதற்குள்ளும் பதில் வராவிட்டால் கடைக்காரர் தன் விருப்பப்படி கொடுக்கலாம். டெக்சஸில் கட்டாயக் காத்திருப்புக் காலம் கிடையாது. கலிஃபோர்னியாவில் 10 நாள்.

21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இன்னும் ஆழமாகத் தேடுவார்கள், அதற்கு 10 வேலை நாள் வரை ஆகலாம். இது 2022-இல் வந்த மாற்றம். அந்த ஆண்டு மே 24 அன்று இதே டெக்சஸில், யுவால்டி ஊர்ப் பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவன், 18 வயது நிரம்பியதும் சட்டப்படி கடையில் வாங்கிய ரைஃபிளோடுதான் வந்தான்.

எனக்கு விசாவால் முடியாது. கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பர் வாங்கித் தந்தால்?

கூடாது. படிவத்தில் "உங்களுக்காகத்தானா" என்று கேட்கிறார்கள் என்றேன் அல்லவா, அந்தப் பொய்யே குற்றம். வர்ஜீனியாவில் ஒரு முன்னாள் போலீஸ்காரர், தனக்குக் கிடைக்கும் சலுகை விலையில் மாமாவுக்கு ஒரு கிளாக் கைத்துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். அந்த மாமாவுக்குச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை! இருந்தும் 2014-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. மாமாவுக்குத் தடையும் இருந்திருந்தால் இன்றைய சட்டத்தில் 15 ஆண்டு வரை போகும்.

எல்டிசி என்கிறார்களே, லைசென்ஸ் தேவையில்லாத ஊரில் அது எதற்கு?

"லைசென்ஸ் டு கேரி", கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துப் போக மாநிலம் தரும் லைசென்ஸ். 2021-க்குப் பிறகு கட்டாயம் இல்லை. இருந்தாலும் எடுங்கள் என்பது என் கட்சி.

முதல் காரணம் பள்ளிக்கூடம். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது. அந்த மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. லைசென்ஸ் இல்லாதவர் காரில் துப்பாக்கியோடு பிள்ளையை இறக்கிவிடப் போனால், தோட்டாவைக் கழற்றிப் பூட்டிய பெட்டியில் வைத்திருந்தால்தான் தப்பிக்கலாம். டாலஸ் பக்கப் புறநகர்களில் எந்தத் தெருவில் நின்றாலும் ஏதோ ஒரு தொடக்கப் பள்ளி 1,000 அடிக்குள் இருக்கும். டெக்சஸ் சொல்வதை மட்டும் நம்பி வண்டி ஓட்டுபவர் தினமும் இரண்டு முறை மத்திய சட்டத்தை மீறிக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது, பக்கத்து மாநிலங்கள் பலவற்றில் இந்த லைசென்ஸ் செல்லும். மூன்றாவது, கடையில் இதைக் காட்டினால் பேக்ரவுண்டு செக் தனியாகத் தேவையில்லை.

வகுப்பு 4 முதல் 6 மணி நேரம், விண்ணப்பக் கட்டணம் 40 டாலர். அப்புறம் சுட்டுக் காட்ட வேண்டும். மனித உருவம் வரைந்த தாளை முதலில் 3 கெஜத்தில் தொங்கவிடுவார்கள், 20 குண்டு. அடுத்து 7 கெஜத்தில் 20, கடைசியில் 15 கெஜத்தில் 10. மொத்தம் 250 மதிப்பெண்ணில் 175 எடுத்தால் தேர்ச்சி. மூன்று கெஜம் என்பது நம் வீட்டுக் கூடத்தின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இடையிலான தூரம்கூட இல்லை. அதிலேயே என் முதல் குண்டு தாளின் தோளைத் தாண்டிப் போனது. காதில் மஃப் மாட்டியிருந்தும் சத்தம் நெஞ்சுக்கூட்டில் இடித்தது, கைக்குள் வியர்த்திருந்தது. திரையில் ஹீரோ ஒரு கையால் சுட்டுக்கொண்டே வசனம் பேசுவதை அன்றிலிருந்து என்னால் ரசிக்க முடியவில்லை.

வயதுக்கு ஒரு குறிப்பு: கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துப் போவதில் 18 முதல் 20 வயதுக்காரர்களை மட்டும் தடுப்பது செல்லாது என்று ஃபோர்ட் வொர்த் மத்திய நீதிமன்றம் 2022-இல் சொன்னது, மாநில அரசு மேல்முறையீட்டைக் கைவிட்டது. கல்லூரியில் படிக்கும் உங்கள் பிள்ளைக்கு இது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

கடை வாசலில் 30.06, 30.07 என்று ஒட்டியிருப்பது என்ன?

டெக்சஸ் குற்றவியல் சட்டப் பிரிவு எண்கள். 30.06 என்றால் லைசென்ஸ் உள்ளவரும் மறைத்து வைத்து உள்ளே வரக் கூடாது. 30.07 என்றால் வெளியே தெரிகிற மாதிரி கூடாது. 30.05 லைசென்ஸ் இல்லாதவர்களுக்கானது. எழுத்து குறைந்தது ஓர் அங்குல உயரம், பின்னணிக்கு எதிர் நிறம், ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும் இருக்க வேண்டும். அதனால்தான் சில கண்ணாடிக் கதவுகளில் உள்ளே இருப்பதே தெரியாத அளவுக்கு எழுத்து நிறைந்திருக்கிறது. கவனிக்காமல் நுழைந்தால் அபராதம். வாயால் வெளியே போகச் சொல்லியும் போகவில்லை என்றால் வழக்கு பெரிதாகும்.

இவற்றையெல்லாம் மிஞ்சியது சிவப்பு எழுத்தில் 51% என்ற பலகை. வருமானத்தில் 51 விழுக்காடோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிற இடம், அதாவது பார். அங்கே துப்பாக்கியோடு போவது சிறைக் குற்றம். பிரியாணியோடு பீரும் விற்கும் நம் உணவகங்கள் பொதுவாக இதில் வராது. ஆனால் போதையில் துப்பாக்கியோடு பொதுவெளியில் நடமாடுவது எங்கேயானாலும் குற்றம்.

பள்ளி, வாக்குச்சாவடி, நீதிமன்றம், விமான நிலையத்தின் பாதுகாப்புப் பகுதி ஆகியவற்றுக்குப் பலகையே தேவையில்லை. பட்டியலில் ஒரு விசித்திரமான வரியும் இருக்கிறது: மரண தண்டனை நிறைவேற்றும் நாளில், அந்த இடத்திலிருந்து 1,000 அடிக்குள் கூடாது. ஹன்ட்ஸ்வில் சிறைக்காக எழுதிய வரி அது.

கோயிலுக்கு?

2019-இல் வழிபாட்டுத் தலங்கள் தடைப் பட்டியலிலிருந்து நீங்கின. கோயில் நிர்வாகம் பலகை வைத்துத் தடுக்கலாம். பலகை இல்லை என்றாலும் செருப்பை விட்டுப் போகிற இடத்தில் இது எதற்கு என்பது என் எண்ணம்.

இதையொட்டி இன்னொன்று. 5.5 அங்குலத்துக்கு மேல் நீளமான கத்திக்கு வழிபாட்டுத் தலம், பள்ளி, பார் போன்ற இடங்களில் இன்னும் தடை இருக்கிறது. துப்பாக்கிக்கு வழிவிட்ட வாசலில் ஊரிலிருந்து கொண்டுவந்த அரிவாளுக்கு வழியில்லை.

ஆபீசுக்கு எடுத்துப் போகலாமா?

கட்டடத்துக்குள் கம்பெனி தடுக்கலாம், பெரும்பாலான ஐடி கம்பெனிகள் தடுக்கவும் செய்கின்றன. ஆனால் பார்க்கிங்கில், பூட்டிய சொந்தக் காருக்குள் சட்டப்படி வைத்திருப்பதைப் பொதுவாக முதலாளி தடுக்க முடியாது. இது 2011 சட்டம்.

போலீஸ் காரை நிறுத்தினால்?

எல்டிசி இருந்து, துப்பாக்கியும் உடன் இருந்தால், அடையாள அட்டை கேட்கும்போது இரண்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். எல்டிசி இல்லாதவர் தானாகச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் எப்படியும் சொல்லிவிடுவேன். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், உள் விளக்கு எரியட்டும். டாஷ்போர்டு அறையில் துப்பாக்கி இருந்தால் இன்ஷூரன்ஸ் காகிதத்தையும் அதே அறையில் வைக்காதீர்கள். இதை வகுப்பில் சொல்லித் தந்தவர் மூன்று முறை சொன்னார்.

கௌபாய் காலத்திலிருந்தே இப்படித்தானா?

இல்லை என்பதுதான் வேடிக்கை. உள்நாட்டுப் போருக்குப் பின் 1871-இல் டெக்சஸ் கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துப் போவதைப் பெரும்பாலும் தடை செய்தது. சின்னச் சின்ன மாற்றங்களோடு அந்தத் தடை 120 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. 1991-இல் கில்லீன் ஊரில் லூபிஸ் உணவகத்துக்குள் ஒருவன் பிக்கப் டிரக்கை மோதி நுழைத்து 23 பேரைக் கொன்றான். அங்கே தாய் தந்தையைப் பறிகொடுத்த சுசானா ஹப், சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் ஊர் ஊராகப் பேசினார், பிறகு சட்டமன்றத்துக்கே தேர்வானார். 1993-இல் ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் மசோதாவை நிராகரித்தார். அடுத்து வந்த ஜார்ஜ் புஷ் 1995-இல் கையெழுத்திட்டார். லைசென்ஸோடு மறைத்து வைக்க 1996, லைசென்ஸோடு வெளியே தெரிய 2016, லைசென்ஸே இல்லாமல் 2021.

வீட்டில் எங்கே வைப்பது?

இந்தக் கேள்வியை என்னிடம் யாருமே கேட்டதில்லை. நானாகச் சேர்த்தது. எங்கே எடுத்துப் போகலாம் என்று அத்தனை பேரும் கேட்கிறார்கள். துப்பாக்கி நூற்றில் தொண்ணூற்றொன்பது நேரம் இருக்கப் போவது வீட்டில்தானே?

17 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை எடுக்கும்படி, தோட்டா போட்ட துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டு, அது பிள்ளை கைக்குப் போனால் டெக்சஸில் குற்றம். அதனால் உயிரோ உறுப்போ போனால் குற்றத்தின் தரம் உயரும். துப்பாக்கிக் கடைகள் இதைப் பலகையாகவே மாட்ட வேண்டும். அடுத்த முறை கவுன்ட்டரில் நிற்கும்போது தேடிப் பாருங்கள், ஒளிரும் விலைச்சீட்டுகளுக்கு நடுவே ஒரு மூலையில் இருக்கும்.

சட்டம் இங்கே பலவீனமானது. 2018-இல் சான்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் 10 பேரைக் கொன்ற மாணவன், அப்பாவின் ஷாட்கனையும் ரிவால்வரையும்தான் கொண்டுபோனான். அவனுக்கு வயது 17. "17 வயதுக்குக் கீழ்" என்ற வரிக்குள் அவன் வரவில்லை. உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் பெற்றோர் மீது தொடுத்த வழக்கிலும், 2024-இல் ஜூரி பெற்றோரைப் பொறுப்பாக்கவில்லை.

எண் பூட்டு வைத்த சின்ன இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி, அலமாரியின் அடித்தட்டில் ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுங்கள். தோட்டா வேறு இடத்தில் இருக்கட்டும். பூட்டு எண் பிள்ளையின் பிறந்தநாளாக இருக்க வேண்டாம், பிள்ளை முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பான். பீரோ சாவியைப் புடவை மடிப்பில் ஒளித்து வைத்தாலும் நாம் கண்டுபிடித்தவர்கள்தானே. அப்புறம், பிள்ளையை விளையாட வேறு வீட்டுக்கு அனுப்பும்போது அங்கே துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். கேட்க நாக்கு கூசும். வேர்க்கடலை அலர்ஜி பற்றிச் சொல்லும்போதே சேர்த்துக் கேட்டுவிட்டால் அவ்வளவு கூசுவதில்லை.

கணவன் மனைவி தகராறு வழக்கானால்?

துப்பாக்கியை இழக்க நேரலாம். குடும்ப வன்முறைக்காக நீதிமன்றம் போட்ட பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்டவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கலாம் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் 8-1 என்று தீர்ப்பளித்த ரஹிமி வழக்கு, இந்த டெக்சஸிலிருந்து போனதுதான். குடிமகன் அல்லாதவருக்கு இன்னொரு அடியும் உண்டு. துப்பாக்கி தொடர்பான தண்டனை, கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாடு கடத்தப் போதுமான காரணம்.

நியூஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் காரில் போகிறேன். உடன் எடுத்துப் போகலாமா?

வேண்டாம். டெக்சஸ் லைசென்ஸை நியூஜெர்சி மதிக்காது. அங்கே ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் வாங்கும் முன்பே தனி அனுமதி வாங்க வேண்டும். தோட்டா கழற்றி, பூட்டி, கை எட்டாத இடத்தில் வைத்து ஒரு மாநிலத்தைக் கடந்து போவதற்கு 1986 மத்திய சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருந்தால்தான் அது செல்லும்.

இந்தியா போகும்போது ஏதாவது கவனிக்க வேண்டுமா?

துப்பாக்கியை யாரும் கொண்டுபோகப் போவதில்லை. பிரச்சினை பையில். ரேஞ்சுக்கு எடுத்துப்போன அதே முதுகுப்பையை ஊருக்கும் எடுத்துப் போவோம், பக்க அறையின் தையலில் ஒரு 9 எம்எம் தோட்டா சிக்கியிருக்கும். அமெரிக்க விமான நிலையத்திலேயே பிடித்தால் நல்ல காலம். கண்ணில் படாமல் சென்னை வரை போய், திரும்பி வரும்போது ஸ்கேனரில் தெரிந்தால், 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாத ஒற்றைத் தோட்டாவே வழக்குக்குப் போதும். ரேஞ்சுக்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது கராஜில் ஆணியில் தொங்குகிறது, வீட்டுக்குள்ளேயே வருவதில்லை.